ஐரோப்பாவில் ரேடியோ சாதனம் விற்க: சிஇ குறி ஒட்டும் முன் செய்ய வேண்டியவை எல்லாம்

"சிஇ சர்டிஃபிகேட் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்?" ஐரோப்பாவிலிருந்து முதல் ஆர்டர் வந்ததும் சிறு தயாரிப்பாளர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். அப்படி ஒரு சான்றிதழை ஐரோப்பிய ஒன்றியம் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது பிடிபடவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அமெரிக்காவில் வைஃபை, புளூடூத் போன்ற சாதனத்தை ஓர் அமைப்பு ஆய்ந்து பார்த்து அனுமதி கொடுக்கும். அதற்கு எஃப்சிசி ஐடி என்ற எண்ணும் உண்டு. ஐரோப்பாவின் முறை வேறு. பெரும்பாலான ரேடியோ சாதனங்களுக்குத் தயாரித்தவரே சோதனை செய்து, கோப்பு கட்டி, "இது சட்டப்படி இருக்கிறது, முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தின் அடையாளம்தான் சிஇ குறி. அதனால் இது கடைசியில் வாங்கிக்கொள்ளும் காகிதம் அல்ல. சர்க்யூட் வரைய உட்காரும் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு சாதனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். வயலில் ஊன்றும் மண் ஈரப்பத சென்சார். 868 மெகாஹெர்ட்ஸில் லோரா ரேடியோ (சிறிய தகவலை நெடுந்தூரம் அனுப்புவது), கைபேசியிலிருந்து அமைப்புகளை மாற்றப் புளூடூத், உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி. தகவல் கேட்வே என்ற இடைச் சாதனம் வழியாக இணையத்துக்குப் போகிறது. தயாரிப்பு கோவையில், வாங்குபவர் நெதர்லாந்தில்.

படி 1: எந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள்

ரேடியோ உள்ள சாதனத்துக்கு முதன்மையான சட்டம் 2014/53/இயு எண் கொண்ட ரேடியோ சாதன ஆணை. துறையில் இருப்பவர்கள் 'ரெட்' என்பார்கள். 2016 ஜூன் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய 1999/5/இசி ஆணையைப் பெயர் சொல்லும் ரிப்போர்ட்டை யாராவது நீட்டினால் அதை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம்.

3,000 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே தகவல் தொடர்புக்கோ இடத்தைக் கண்டறியவோ ரேடியோ அலையைப் பயன்படுத்தும் எதுவும் இதில் அடங்கும். அனுப்பாமல் வாங்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ் ரிசீவருக்கும் இதே சட்டம்தான். எல்லோருக்குமான மூன்று அடிப்படைக் கோரிக்கைகளும், நான்காவதாகச் சிலருக்கு மட்டுமானதும் உண்டு. பிரிவு 3.1(அ) உடல்நலமும் மின் பாதுகாப்பும். 3.1(ஆ) மின்காந்த இணக்கம், அதாவது ஈஎம்சி: மற்றச் சாதனங்களைத் தொந்தரவு செய்யாமலும் அவற்றால் கெடாமலும் இயங்குவது. 3.2 அலைவரிசையை ஒழுங்காகப் பயன்படுத்துவது. 3.3 சில வகைச் சாதனங்களுக்கு மட்டுமான கூடுதல் கோரிக்கைகள்; இப்போது எல்லோரையும் தூங்கவிடாமல் செய்வது அதுதான், பின்னால் வருகிறேன்.

சாதனம் ரெட் ஆணைக்குள் வந்துவிட்டால், குறைந்த மின்னழுத்த ஆணையும் ஈஎம்சி ஆணையும் தனியாகப் பொருந்தா. அவற்றின் நோக்கங்கள் ரெட் ஆணைக்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் கையெழுத்திடும் இணக்க அறிவிப்பில் மூன்றையும் வரிசையாக எழுதி வைப்பது பலர் செய்யும் பிழை. பார்த்த மாத்திரத்தில் ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

படி 2: அலைவரிசைக் கணக்கு

இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள்தான் பின்னால் போர்டையே மாற்றிப் போடுகிறார்கள்.

இந்தியாவில் லோராவுக்கு நாம் பழகியது ஐஎன்865 திட்டம்: 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவின் இயு868 திட்டத்தில் அடிப்படைச் சேனல்கள் 868.1, 868.3, 868.5. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஃபர்ம்வேரில் (சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருளில்) ஒரு வரியை மாற்றினால் போதும் என்று தோன்றும். திறன் விதியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். லோராவான் (லோரா நெட்வொர்க்குக்கான விதிமுறை) திட்டத்தில் ஐஎன்865-க்கு அதிகபட்சம் 30 டிபிஎம் இஐஆர்பி. டிபிஎம் என்பது திறனின் அலகு; இஐஆர்பி என்பது ஆண்டெனாவையும் சேர்த்து, எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஆண்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்லும் திறன். இயு868-க்கு 16 டிபிஎம்தான்.

ஐரோப்பாவில் 868.0 முதல் 868.6 வரையிலான துண்டில் 25 மில்லிவாட் இஆர்பி வரை அனுமதி. டிபிஎம்மில் அது 14. இஆர்பி என்பது இருமுனை ஆண்டெனாவோடு ஒப்பிட்ட திறன்; அதையும் இஐஆர்பியையும் ஒன்றென்று நினைத்து இடறியவர்கள் பலர். இரண்டுக்கும் இடையே 2.15 டெசிபெல் வித்தியாசம் இருக்கிறது. சிப்பிலிருந்து 14 டிபிஎம் வருகிறது, ஆண்டெனாவின் ஆதாயம் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) 5 டிபிஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 உடன் 5 கூட்டி 2.15 கழித்தால் 16.85. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நல்ல ஆண்டெனா போட்டால் ஐரோப்பாவில் சிப்பின் திறனைக் குறைத்தே ஆக வேண்டும். கேபிளில் இழப்பு இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அளந்து எழுதிய எண் வேண்டும்.

அடுத்தது நேரம். அந்தத் துண்டில் பொதுவான விதி 1 சதவீத டியூட்டி சைக்கிள். ஒரு மணி நேரத்தில் 36 நொடிகள்தான் சாதனம் பேசலாம். லோராவின் மிக மெதுவான அமைப்பான எஸ்எஃப்12-இல் ஒரு சின்னத் தகவல் பொட்டலம் போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். 868.7 முதல் 869.2 வரை இன்னும் கடுமை, 0.1 சதவீதம். 869.4 முதல் 869.65 வரை மட்டும் 500 மில்லிவாட், 10 சதவீதம் என்று தாராளம். அதனால் நிமிடத்துக்கு இரண்டு தடவை தகவல் அனுப்பும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டியூட்டி சைக்கிள் கட்டுப்பாடு ஃபர்ம்வேருக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பயனர் மெனுவில் போய் மாற்றும்படி விடக் கூடாது.

இந்த எல்லைகளின் சட்ட மூலம் ஐரோப்பிய ஆணையத்தின் 2006/771/இசி முடிவு. அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, கடைசித் திருத்தத்தைப் பாருங்கள். நாடு வாரியான விவரங்களுக்கு ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு நிர்வாகக் கூட்டமைப்பான செப்ட்டின் 70-03 பரிந்துரை இருக்கிறது. நம் சென்சாருக்கு நாட்டுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வைத்திருந்தால் கதை வேறு. 5,150 முதல் 5,350 மெகாஹெர்ட்ஸ் வரை கட்டடத்துக்குள் மட்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை எப்படி அட்டைப் பெட்டியில் நாட்டுக் குறியீடுகளுடன் காட்ட வேண்டும் என்பதை 2017/1354 எண் விதி சொல்கிறது.

படி 3: தரநிலைகளைத் தேர்ந்தெடுப்பது

நம் சென்சாருக்கு எழுத வேண்டிய பட்டியல் இப்படி வரும் ('இஎன்' என்றால் ஐரோப்பியத் தரநிலை):

லோராவுக்கு இஎன் 300 220-2.
புளூடூத்துக்கு இஎன் 300 328. வைஃபை இருந்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இதுவேதான்.
ஈஎம்சிக்கு இஎன் 301 489-1 பொதுவானது. அதனுடன் 868-க்கு -3, புளூடூத்துக்கு -17.
மின் பாதுகாப்புக்கு இஎன் 62368-1.
மனித உடல் மீதான கதிர்ச் செறிவுக்கு இஎன் 62479.

கடைசித் தரநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கும் உடம்புக்கும் ஐரோப்பிய எல்லை 10 கிராம் திசுவுக்கு ஒரு கிலோவுக்கு 2 வாட் என்ற அளவு. 2 வாட்டை 10 கிராமுக்குக் கணக்கிட்டால் 20 மில்லிவாட். சாதனத்தின் சராசரித் திறன் அதற்குக் கீழே இருந்தால் எஸ்ஏஆர் (உடல் உறிஞ்சும் கதிர்த் திறன்) சோதனையே தேவையில்லை என்று இஎன் 62479 ஏற்றுக்கொள்கிறது. 25 மில்லிவாட்டில் 1 சதவீத நேரம் பேசும் லோராவின் சராசரி கால் மில்லிவாட்தான். ஒரு பக்கக் கணக்கில் ஒரு பெரிய சோதனைச் செலவு மிச்சம். அந்தக் கணக்கை எழுதிக் கோப்பில் வைக்காவிட்டால் மிச்சம் இல்லை.

தரநிலையின் பதிப்பு எண் மிக முக்கியம். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான எட்சி புதுப் பதிப்பை வெளியிட்டுவிட்டது என்பதால் அது சட்டப் பலன் பெற்றுவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ இதழில் அந்தப் பதிப்பு எண்ணோடு பெயர் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதைப் பின்பற்றினால் சட்டத்தைப் பின்பற்றியதாகக் கருதுவார்கள். லேபில் கொட்டேஷன் வாங்கும் நாளில் ஒருமுறை, அறிவிப்பில் கையெழுத்திடும் நாளில் இன்னொருமுறை அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

படி 4: தனியாகவா, நோட்டிஃபைடு பாடியுடனா

ரெட் ஆணை மூன்று வழிகளைத் தருகிறது. மாட்யூல் ஏ என்பது முழுக்க நீங்களே செய்வது. பி+சி என்பதில் நோட்டிஃபைடு பாடி, அதாவது உறுப்பு நாடு நியமித்த தனி ஆய்வு அமைப்பு, உங்கள் கோப்பை ஆய்ந்து வகைச் சான்றிதழ் கொடுக்கும். ஹெச் என்பது உங்கள் தர மேலாண்மை முறை முழுவதையும் அவர்கள் தணிக்கை செய்வது, பெரிய நிறுவனங்களுக்கானது.

எப்போது எது? 3.1 பிரிவுக்கு எப்போதும் மாட்யூல் ஏ போதும். 3.2-க்கும் 3.3-க்கும், அதிகாரபூர்வ இதழில் வந்த தரநிலையை முழுமையாகப் பின்பற்றினால் மட்டுமே மாட்யூல் ஏ. ஒரு சோதனையை விட்டுவிட்டாலும், பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டாலும், அந்த வாசல் மூடிவிடும்.

நோட்டிஃபைடு பாடிகளின் பட்டியல் நாண்டோ என்ற ஐரோப்பிய ஆணையத் தளத்தில் பொதுவெளியில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண். ஒருமுறை ஒரு தரகர் என்னிடம் தங்க நிற ஓரம் போட்ட 'சிஇ சான்றிதழ்' ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொன்னார். எண்ணைத் தேடினேன். அந்த அமைப்பு நாண்டோவில் இருந்தது, ஆனால் ரெட் ஆணைக்கு அதற்கு அதிகாரம் இல்லை. எந்த ஆணைக்கு நியமிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் தேடியும் பயனில்லை.

படி 5: ஏற்கெனவே சான்று பெற்ற ரேடியோ மாட்யூல் (தயார்நிலைச் சின்ன போர்டு) வாங்கினால்?

வேலை குறையும், தீராது. அமெரிக்காவில் மாட்யூலுக்கென்று தனி அனுமதி முறை உண்டு. ஐரோப்பாவில் பெட்டிக்குள் முழுமையாகி வெளிவரும் பொருளுக்குத்தான் பொறுப்பு, அந்தப் பொறுப்பு உங்களுடையது. மாட்யூல் செய்தவரின் முழு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சான்றிதழோடு நிற்காதீர்கள். எந்த ஆண்டெனாவுடன், எந்தத் திறனில், எந்த ஃபர்ம்வேரில் சோதித்தார்கள் என்பது ரிப்போர்ட்டில் மட்டுமே இருக்கும். நீங்கள் அதே நிலையில் பயன்படுத்தினால் கேபிள் வழி அளவீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெளியே கசியும் உமிழ்வையும் ஈஎம்சியையும் உங்கள் பெட்டியிலேயே அளந்தாக வேண்டும். நம் சென்சாரில் லோரா, புளூடூத் இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கலாம் என்றால் அந்த நிலையிலும் அளக்க வேண்டும்.

படி 6: லேபுக்குப் போவது

மாட்யூல் ஏ வழியில் குறிப்பிட்ட லேபில்தான் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் சோதனைக் கூடங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் உள்ள லேபைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் அந்த அங்கீகாரத்தை என்ஏபிஎல் தருகிறது. அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்கு வேண்டிய தரநிலை அவர்களின் அங்கீகார வரம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுச் சோதனைக்கு முன் ஈஎம்சியில் முன்னோட்டம் பார்க்கச் சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்த மையம் போன்ற இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

லேபுக்கு எடுத்துப் போக வேண்டியவை: ஆண்டெனா பொருத்திய இரண்டு மாதிரிகள், ஆண்டெனாவுக்குப் பதில் அளவீட்டுக் கேபிள் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர் வைத்த இரண்டு மாதிரிகள், தொடர்ந்து ஒரே சேனலில் ஒலிபரப்பும் டெஸ்ட் ஃபர்ம்வேர், அதை இயக்கும் கட்டளைகளை எழுதிய தாள். இந்த டெஸ்ட் ஃபர்ம்வேரை மறந்து போய் லேபில் வாடகை நேரம் ஓடிக்கொண்டிருக்க மடிக்கணினியைத் திறந்து நிரல் எழுதிய நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ரிசீவர் பிளாக்கிங் சோதனையும் உண்டு. பக்கத்தில் வேறொரு பலமான சிக்னல் இருக்கும்போதும் உங்கள் சாதனம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பொட்டலப் பிழை விகிதத்தைக் காட்டும் வசதி ஃபர்ம்வேரில் வேண்டும்.

படி 7: சைபர் பாதுகாப்பு

2025 ஆகஸ்ட் 1 முதல் 3.3(ஈ), (உ), (ஊ) பிரிவுகள் கட்டாயம். 2022/30 எண் விதி இதைக் கொண்டுவந்தது. முதலில் 2024 ஆகஸ்ட் 1 என்று இருந்த நாளை ஓராண்டு தள்ளி வைத்தார்கள். முதலாவது நெட்வொர்க்குக்குக் கேடு செய்யாமை, இரண்டாவது தனிநபர் தகவல் பாதுகாப்பு, மூன்றாவது பண மோசடித் தடுப்பு.

"எங்கள் சென்சாருக்கு வைஃபையே இல்லை, இது பொருந்தாது" என்று பலர் சொல்கிறார்கள். பொருந்தும். நேரடியாகவோ வேறு சாதனம் வழியாகவோ இணையத்தில் தொடர்புகொள்ள முடிந்தாலே முதலாவது பிரிவுக்குள் வந்துவிடும். கேட்வே வழியாகப் போகும் நம் சென்சாரும் அதில் அடக்கம். மண் ஈரம் தனிநபர் தகவல் அல்ல. ஆனால் செட்டப் செய்யும்போது பயனரின் மின்னஞ்சலையோ வயலின் இருப்பிடத்தையோ சாதனம் கையாண்டால் இரண்டாவது பிரிவும் கதவைத் தட்டும்.

இதற்கான தரநிலைகள் இஎன் 18031-1, -2, -3. 2025 ஜனவரி இறுதியில் அதிகாரபூர்வ இதழில் வந்தன, நிபந்தனைகளுடன். அவற்றில் சிறு தயாரிப்பாளர்களை அதிகம் கடிப்பது கடவுச்சொல் நிபந்தனை. கடவுச்சொல் வைக்காமலே பயன்படுத்தலாம் என்று பயனரை விட்டால், தரநிலையைப் பின்பற்றியதன் சட்டப் பலன் போய்விடும். பிறகு நோட்டிஃபைடு பாடியிடம்தான் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி இணைப்புக் குறியீட்டைத் தொழிற்சாலையிலேயே எழுதி லேபிளில் அச்சிடுங்கள், அல்லது முதல் இணைப்பிலேயே கடவுச்சொல் வைக்கும்படி கட்டாயப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே '123456' என்ற காலம் முடிந்துவிட்டது. கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் அப்டேட், சாவிகளைப் பாதுகாப்பாக வைக்கும் இடம் ஆகியவற்றையும் சிப் தேர்வின்போதே யோசியுங்கள். மலிவான மைக்ரோகன்ட்ரோலரில் இவற்றைப் பின்னால் சேர்ப்பது கடினம்.

"இந்த மாடலை 2023-லேயே விற்கத் தொடங்கிவிட்டோமே" என்பதும் செல்லாது. சந்தைக்கு வருவது என்பதை ஐரோப்பியச் சட்டம் மாடலுக்குப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகப் பார்க்கிறது. அந்தத் தேதிக்குப் பின் சந்தைக்கு வரும் ஒவ்வொரு சாதனமும் புதிய விதிக்கு உட்பட்டதே.

படி 8: தொழில்நுட்பக் கோப்பு

சர்க்யூட் வரைபடம், போர்டு லேஅவுட், பொருள் பட்டியல், உள்ளும் புறமும் எடுத்த படங்கள், இணக்கத்தைப் பாதிக்கும் ஃபர்ம்வேர் பதிப்பு எண், ஆபத்து மதிப்பீடு, தரநிலைப் பட்டியல், டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், பயனர் கையேடு. குறைந்தது ஒரு உறுப்பு நாட்டிலாவது சட்ட மீறல் இல்லாமல் இயக்க முடியும் என்ற விளக்கமும் இதில் வர வேண்டும். அதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பொறியாளர் வேலையை விட்டுப் போகும்போது அவரது மடிக்கணினியோடு கோப்பும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: அறிவிப்பும் குறியும்

இணக்க அறிவிப்பில் உங்கள் பெயர், முகவரி, சாதனத்தின் அடையாளம், ஆணை எண், பதிப்பு எண்ணுடன் தரநிலைகள், சாதனம் சரியாக இயங்கத் தேவைப்படும் துணைப் பொருள்கள், மென்பொருள், இடம், தேதி, கையெழுத்து. விற்கும் நாடு கேட்கும் மொழியில் மொழிபெயர்ப்பும் வேண்டும். பெட்டிக்குள் முழு அறிவிப்பை வைக்க இடமில்லையென்றால் ஒரு பத்திச் சுருக்க அறிவிப்பும், முழு உரை இருக்கும் இணைய முகவரியும் போதும். அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கையேட்டில் அலைவரிசைகளையும் ஒவ்வொன்றிலும் அதிகபட்சத் திறனையும் எழுதியே ஆக வேண்டும்.

சிஇ குறி சாதனத்தின் மேலும் அட்டைப் பெட்டியின் மேலும் வேண்டும். வழக்கமான குறைந்தபட்ச உயரம் 5 மில்லிமீட்டர். சின்னச் சாதனத்தில் தெளிவாகத் தெரியும்வரை அதைவிடச் சிறிதாகவும் இருக்கலாம். நோட்டிஃபைடு பாடியின் நான்கு இலக்க எண்ணைக் குறியின் பக்கத்தில் போடுவது ஹெச் வழியில் மட்டும். பி+சி வழியில் சான்றிதழ் வாங்கியவர்கள் பெருமையாக எண்ணை அச்சடித்துவிட்டு, லேபிளை மறுபடி அடித்ததைப் பார்த்திருக்கிறேன். வகை எண் அல்லது தொடர் எண், உங்கள் பெயர், ஒரு அஞ்சல் முகவரி ஆகியவையும் சாதனத்தில் இருக்க வேண்டும்.

படி 10: ஐரோப்பாவில் ஒரு முகவரி

2021 ஜூலை 16 முதல், 2019/1020 எண் விதிப்படி, ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவர் இல்லாமல் இப்படிப்பட்ட பொருளை விற்க முடியாது. இறக்குமதியாளர் அந்த இடத்தில் இருக்கலாம். நேரடியாக இணையத்தில் விற்றால் எழுத்தில் நியமித்த பிரதிநிதி வேண்டும். நெதர்லாந்து வாங்குபவர் உங்கள் பெயரிலேயே விற்றால் அவர் இறக்குமதியாளர். அவர் பெயரும் முகவரியும் சாதனத்தில் வர வேண்டும். அவர் தன் பெயரை ஒட்டி விற்றால் சட்டத்தின் கண்ணில் அவரே தயாரிப்பாளர், முழுக் கோப்பையும் உங்களிடம் கேட்பார். இதை ஒப்பந்தத்திலேயே பேசி முடியுங்கள். லண்டனில் இருக்கும் உறவினரின் முகவரி உதவாது. பிரிட்டன் ஒன்றியத்தில் இல்லை.

ரெட் ஆணைக்கு வெளியே

ஆபத்தான பொருள்களுக்கான ரோஸ் ஆணை 10 வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்துகிறது. சிஇ குறி அதற்கும் சேர்த்துத்தான், அறிவிப்பில் 2011/65/இயு என்று எழுத வேண்டும். மின்கழிவுக்கு, குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிச் சின்னமும், விற்கும் ஒவ்வொரு நாட்டிலும் பதிவும். பேட்டரிக்கு 2023/1542 எண் விதி; 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று அது பொதுவாகக் கோருகிறது. பெட்டியைப் பசை போட்டு மூடும் வடிவமைப்பில் இருப்பவர்கள் இப்போதே யோசிப்பது நல்லது. புளூடூத் என்ற பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த அந்தக் கூட்டமைப்பில் தனியாகப் பதிவு வேண்டும். அதற்கும் சிஇக்கும் தொடர்பில்லை.

விற்ற பிறகு

சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் கடையில் வாங்கி அளப்பார்கள். 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை ஏஎன்எஃப்ஆர், ஐபோன் 12-ஐ விற்பனையிலிருந்து நிறுத்தச் சொன்னது. கைகால்களுக்கான எல்லை கிலோவுக்கு 4 வாட். அவர்கள் அளந்தது 5.74. ஆப்பிள் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனாலும் பிரான்சுக்கென்று மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சாதனத்தையே கேள்வி கேட்கிறார்கள் என்றால் நம் கோப்பை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

நடைமுறையில் அதிகம் சறுக்குவது உதிரிபாக மாற்றத்தில். ஸ்டாக் இல்லை என்று வாங்கும் பிரிவு வேறு ஆண்டெனாவையோ வேறு பவர் சப்ளை சிப்பையோ போட்டுவிடும். சோதித்த சாதனம் ஒன்று, விற்கும் சாதனம் வேறொன்று. எங்கள் பொருள் பட்டியலில் ஆண்டெனா, அதன் மேட்சிங் பாகங்கள், கிரிஸ்டல், ரேடியோ சிப், பவர் சப்ளை பாகங்கள் ஆகியவற்றுக்கு எதிரே சிவப்பில் ஒரு குறி இருக்கும். அந்த வரியை மாற்றக் கோப்புக்குப் பொறுப்பானவரின் கையெழுத்து வேண்டும். ரேடியோவைத் தொடும் ஃபர்ம்வேர் மாற்றத்துக்கும் அதே விதி.

அடுத்து நாள்காட்டியில் குறிக்க வேண்டியது 2024/2847 எண் சைபர் மீள்திறன் சட்டம். 2026 செப்டம்பர் 11 முதல், யாரோ ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாதுகாப்பு ஓட்டை உங்கள் சாதனத்தில் இருப்பது தெரிந்தால் 24 மணி நேரத்தில் முதல் தகவல் கொடுக்க வேண்டும். 2027 டிசம்பர் 11 முதல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. இன்று சர்க்யூட் வரையத் தொடங்கும் சென்சார் அந்தத் தேதிக்குப் பிறகும் விற்பனையில் இருக்கும்.